துண்டுப் பிரிவில் உட்கார்ந்தவள்

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வடிந்துபோய், ஆவணி முகூர்த்தக் கூட்டம் இன்னும் வந்து சேராத ஒரு சோம்பேறி மத்தியானத்தில், ஆலங்கரை நித்யகல்யாணி ஜவுளி மாளிகையின் அண்டர்கிரவுண்டில், துண்டு, பெட்ஷீட், பாய், கொசுவலை விற்கிற பிரிவில், காலையிலிருந்து நின்றுகொண்டேயிருந்த சொர்ணக்கிளி என்கிற பெண், கையிலிருந்த ஈரிழைத் துண்டை நாலாக மடித்து அடுக்கில் வைத்துவிட்டு, சீருடைச் சேலையின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். அங்கே நாற்காலி கிடையாது, ஸ்டூல் கிடையாது, சாய்ந்துகொள்ள ஒரு துணி மூட்டைகூடக் கிடையாது. வெறும் காற்றுதான் இருந்தது, அதுவும் மின்விசிறி எட்டாத மூலையின் புழுங்கிய காற்று. அது அவளைத் தாங்கிக்கொண்டது.

கொசுவலைகளுக்குப் பொறுப்பான ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, எதுல உக்காந்திருக்க?"

"தெரியலட்டி. ஆனா நல்லாருக்கு."

"கேமராவுல தெரியும். எந்திரி."

"தெரிஞ்சா தெரியட்டும். இன்னுங் கொஞ்ச நேரம்."

ஜெசிந்தா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் அண்டர்கிரவுண்டில் நிற்கிற எவளுக்கும், எதில் உட்கார்ந்தாய் என்பதைவிட எப்படி உட்கார விட்டார்கள் என்பதுதான் ஆச்சரியமாக இருக்கும்.

நித்யகல்யாணியின் வழக்கம் எங்கள் ஊருக்கே தெரியும். வேலை கேட்டு வருகிற பெண் பிள்ளைகளை முதலாளி வைரவநாதன் டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்துவார். சட்டைப் பையிலிருந்து சந்தனக் கலர் பிளவுஸ் பிட் ஒன்றை எடுப்பார். மேட்சிங் பார்ப்பதுபோலப் பிள்ளையின் கன்னத்துப் பக்கத்தில் பிடித்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்ப்பார். துணியைவிட வெளுப்பென்றால் பட்டு செக்ஷன். துணியோடு ஒட்டிப்போனால் சுடிதார். துணியைவிடக் கறுப்பென்றால் வாயால்கூடச் சொல்ல மாட்டார், படிக்கட்டைப் பார்த்துக் கையை நீட்டுவார், அந்தப் படிக்கட்டு கீழேதான் போகும். முதலாளி நிறத்தில் சொர்ணக்கிளிக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி இருப்பார். ஆனால் கண்ணாடி பார்க்கிற வேலையெல்லாம் முதலாளிமாருக்குக் கிடையாது.

பட்டு செக்ஷன் தரைத்தளத்தில் இருந்தது. அங்கே ஏசி உண்டு, கல்யாணக் கோஷ்டிக்குக் குடிக்கக் கலர் சோடா உடைத்துக் கொடுப்பதுண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளை மெத்தை உண்டு. கூடம் முழுக்க விரித்த மெத்தையில் ஒரு பக்கம் பெண் வீட்டார் சம்மணம் போட்டிருப்பார்கள், மறு பக்கம் விற்கிற பிள்ளைகள் சம்மணம் போட்டிருப்பார்கள், நடுவில் சேலைகள் குவிந்து கிடக்கும். ஆக அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பாக்கியம் வெளுத்த பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்திருந்தது. வேட்டி செக்ஷன் ஆண்கள் மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடிப்பார்கள், ஆனால் அதற்குப் பெயர் உட்கார்வது இல்லை, ஸ்டாக் பார்ப்பது.

சொர்ணக்கிளிக்கு அந்த மெத்தைமேல் ஒரு கண். சின்னப் பிள்ளையில் சித்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோது, மெத்தையில் இருந்தவர் ஒரு பட்டுச் சேலையின் நுனியைப் பிடித்து ஒரே உதறாக உதற, அது அலையடித்துப் போய் மெத்தையின் மறு ஓரத்தில், சித்தியின் மடியில் முந்தானை விழும்படி விழுந்தது. அந்த உதறலை ஒரு தடவையாவது நாம் உதற வேண்டும் என்று அப்போதே முடிவுகட்டியவள் அவள். அண்டர்கிரவுண்டில் பட்டுக்கு எங்கே போவது? டபுள் பெட்ஷீட்டை உதறிப் பழகினாள். கனத்த ஜமுக்காளத்தைக்கூடச் சொன்ன இடத்தில் விழவைப்பாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் முதலாளியிடம் பட்டு செக்ஷன் கேட்டுக்கொண்டும் இருந்தாள். அவர் பொங்கலுக்குப் பொங்கல் பிளவுஸ் பிட்டை எடுத்து, வெளுத்திருக்கிறாளா என்று நியாயமாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, படிக்கட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் கோமதிநாயகம் இறங்கி வந்தார். உட்கார்கிறவர்களைப் பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர். துணி அளக்கும் மீட்டர் கம்பியை அவளுக்குக் கீழே விட்டு ஆட்டினார். கம்பி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. பிறகு சுவரில் தாமே எழுதி ஒட்டிய அறிவிப்பைப் போய்ப் படித்தார். நாற்காலி, ஸ்டூல், மூட்டை, பெட்டி, படிக்கட்டு ஆகியவற்றில் வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்றிருந்தது. காற்றைச் சேர்க்க அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. முதலாளிக்குப் போன் போட்டார்.

"எதுல உக்காந்திருக்கா?" என்றார் முதலாளி.

"ஒண்ணுலயும் இல்ல மொதலாளி."

"ஒண்ணுலயும் இல்லேன்னா அப்புறம் எப்படிவே உக்காந்தான்னு சொல்லுதீரு?"

கோமதிநாயகம் போனை வைத்துவிட்டு அறிவிப்பை இன்னொரு தடவை படித்தார். மறுநாள் ஒரு தாளில் 'காற்று' என்று எழுதிக்கொண்டு வந்தார், ஆனால் அதற்குள் விஷயம் கைமீறிப் போயிருந்தது.

எங்கள் ஊர் ஜனங்கள் அப்படி ஒன்றும் அசந்துபோகிறவர்கள் இல்லை. பெண் பிள்ளை காற்றில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், எங்கே என்று கேட்டோம். துண்டுப் பிரிவில் என்றதும், சரி, எப்படியும் ஒரு துண்டு வாங்க வேண்டியதுதான் என்று கிளம்பிப் போனோம். சும்மா நின்று பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் ஆளுக்கொரு துண்டு வாங்கினோம், இன்னொரு தடவை பார்க்கத் தோன்றியபோது இன்னொன்று வாங்கினோம், கடைசியில் ஊரில் தலைக்கு மிஞ்சித் துண்டாகி, துடைக்க ஈரம் இல்லாமல் போயிற்று. நாட்டு மருந்துக் கடைக்காரர், இது வாய்வு, பூண்டைச் சுட்டுத் தின்னால் இறங்கிவிடும் என்றார். மூலத்தால் கஷ்டப்பட்ட தபால்காரர் ஒருவர் அவள் பக்கத்தில் வந்து, எங்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தாயி, ரொம்ப மெத்துனு இருக்குமா?" என்று கேட்டார். அவள் இருக்கும் என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது.

அண்டர்கிரவுண்டுப் பிள்ளைகள் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். பழக்கித் தருவதற்கு அதில் ஒன்றும் இல்லை. "இதுவரைக்கும் நின்னதையெல்லாம் நெனச்சுக்கிட்டு அப்படியே உக்காருட்டி" என்றாள் சொர்ணக்கிளி. ஜெசிந்தா நினைத்தாள், உட்கார்ந்தாள். பாய் விற்கிறவள் நினைத்தாள், உட்கார்ந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் கீழே ஒருத்தி பாக்கியில்லை. பட்டு செக்ஷன் தீபலட்சுமி ஆசைப்பட்டு இறங்கி வந்து உட்கார்ந்து பார்த்து, தொப்பென்று விழுந்து, "எனக்கு நெனைக்கதுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்று சிரித்துக்கொண்டே புடைவையைத் தட்டிக்கொண்டு மேலே போனாள். நல்ல பிள்ளை.

இந்தச் சமயத்தில்தான் தொழிலாளர் ஆய்வாளர் வந்தார். கடைகளில் நிற்கிற பெண்களுக்கு இருக்கை தந்தாக வேண்டும் என்று சட்டம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவர் அண்டர்கிரவுண்டில் எட்டிப் பார்த்தார். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இருக்கை குடுத்திருக்கோம் சார்," என்றார் முதலாளி, ஒரு நொடிகூடத் தயங்காமல். "நல்ல காத்தோட்டம்."

ஆய்வாளர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு ஒரு ஈரிழைத் துண்டு வாங்கிக்கொண்டு போனார். சொர்ணக்கிளிக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. தானே நின்று நின்று சம்பாதித்ததை இந்த மனுஷன் தான் கொடுத்ததாகக் கணக்குக் காட்டிவிட்டாரே என்று ஆத்திரம் பொங்க, பொங்கல் வரும்வரை காத்திராமல் அப்போதே கேட்டாள்.

"மொதலாளி, என்னையப் பட்டு செக்ஷன்ல போடுங்க. நான் நல்லா விப்பேன்."

முதலாளியின் கை பழக்கத்தில் பைக்குள் போயிற்று. பிட்டை எடுக்காமலே சிரித்தார்.

"ஒனக்குத்தான் காத்து இருக்கே பிள்ள. மெத்தை எதுக்கு?"

அவர் அதைச் சொல்லி முடித்தபோது சொர்ணக்கிளி உட்கார்ந்தபடியே ஒரு சாண் மேலே போனாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. கறுப்பி என்று ஒருவர் கூப்பிட்டால் ஒரு விரற்கடை ஏறினாள். பேரிலாவது சொர்ணம் இருக்கே என்று கோமதிநாயகம் பகடி பண்ணினால் இரண்டு விரற்கடை. தீபாவளி விளம்பரத்துக்காக அவளை வாசல் கண்ணாடிக் கூண்டில் பொம்மைகளோடு உட்காரவைக்கலாம், பவுடரைக் கனமாக அப்பிவிட்டால் தெரியாது என்று முதலாளி யோசனை சொன்ன அன்று ஒரு முழமே ஏறிவிட்டாள். மற்றவர்களும் அவரவர் வாங்கிய பேச்சுக்குத் தக்கபடி ஏறினார்கள். துண்டு கேட்கிறவர்கள் அண்ணாந்து கேட்டார்கள். அவள் கூடையில் கயிறு கட்டித் துண்டை இறக்கினாள். நாங்கள் பையை மேலே நீட்டிப் பழகிக்கொண்டோம், ஒருத்தருக்கும் சிரமமில்லை. சிரமமெல்லாம் மேலேதான். அண்டர்கிரவுண்டின் கூரைதான் பட்டு செக்ஷனின் தரை. சொர்ணக்கிளியின் உச்சந்தலை கூரையில் முட்டியதும் மேலே வெள்ளை மெத்தையின் நட்டநடுவில் ஒரு புடைப்புத் தோன்றியது. அதன்மேல் ஒரு திண்டைப் போட்டு மறைத்தார்கள். திண்டு உருண்டு ஒரு மாப்பிள்ளையின் தாத்தாமேல் விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி இறங்கி வந்து கூரையைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்கு நீ தரையில நிக்கணும். நின்னா வேலை உண்டு. திரும்ப உக்காந்தேன்னா சீட்டைக் கிழிச்சிருவேன், அப்படியே மிதந்து ஒன் வீட்டுக்குப் போயிரலாம்."

சொர்ணக்கிளி பயந்துவிட்டாள், அதை மறைப்பானேன். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அப்பாவுக்கு ஆஸ்துமா. காற்றில் உட்காரத் தெரியும் என்று சொன்னால் ஆலங்கரையில் வேறெந்த ஜவுளிக் கடையும் சேர்த்துக்கொள்ளாது. வேலையா, உட்காருவதா என்று வந்துவிட்ட பிறகு, ஏழைக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"நின்னுருட்டி," என்றாள் ஜெசிந்தாவும். "வலிச்சா ராத்திரி தைலம் தேச்சுக்கிடலாம்."

ஆகவே மறுநாள் அவள் நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக இறங்கி நின்றார்கள். பார்க்க வந்த நாங்கள் ஏமாந்துபோய், வாங்க ஒரு துண்டும் தேவைப்படாமல் மேலே ஏறி, பட்டு செக்ஷன் ஏசியில் கொஞ்சம் நின்றோம். அண்டர்கிரவுண்டு பழையபடி ஆயிற்று, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிற பிள்ளைகளும் புழுங்கல் காற்றுமாக. முதலாளி படிக்கட்டில் நின்று ஒரு தரம் பார்த்துவிட்டு மனநிறைவோடு மேலே போனார்.

மேலே அன்று ஒரு கல்யாணக் கோஷ்டி வந்திருந்தது. வேன் நிறைய ஆள், அத்தைகள் மட்டும் ஒரு வரிசை. கல்யாணப் பெண் குணவதி எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரையும்போல நல்ல கறுப்பு. தீபலட்சுமி சேலை சேலையாகத் தன் தோளில் போட்டுக் காட்டினாள். எல்லாம் அவளுக்கு அமைந்தது. மயில் கழுத்து அமைந்தது, எலுமிச்சை அமைந்தது, வெங்காயத் தோல் கலரும் அமைந்தது. குணவதி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாம் ஒங்களுக்கு நல்லாருக்கு. எனக்கு எப்படி இருக்கும்னு தெரியலயே. என் கலர்ல ஒரு பிள்ளையக் கூப்பிடுங்களேன், அவங்க மேல போட்டுப் பாக்கேன்."

கோமதிநாயகம் சூதுவாது தெரியாமல் சொல்லிவிட்டார்: "இந்தக் கலர்ல பட்டு செக்ஷனுக்கு ஆள் எடுக்கதில்லம்மா."

அத்தைகள் கலர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

"அப்ப இந்தக் கலருக்கு விக்க மட்டும் செய்வீயளோ?" என்றாள் குணவதி.

வியாபாரம் கெட்டுவிடும்போல் இருந்தது. முதலாளி கண்ணைக் காட்ட, கோமதிநாயகம் விழுந்தடித்துக் கீழே ஓடிவந்தார். சொர்ணக்கிளியிடம் மூச்சுவாங்கச் சொன்னார்.

"வா, மேல வா. முன்பக்கம் வேண்டாம், பின்னாடிப் படியால வா. சேலையத் தோளுல போடுவாங்க, பேசாம நில்லு. நீ சேலையத் தொடாத. பாத்து முடிச்சதும் எறங்கிரு." போகத் திரும்பியவர் முக்கியமானதை மறந்துவிட்டவர்போலத் திரும்பினார். "மெத்தையில மட்டும் உக்காந்துராத."

சொர்ணக்கிளி அவரைப் பார்த்தாள். வீட்டு உலையை நினைத்தாள், அப்பாவின் இருமலை நினைத்தாள். பிறகு அவள் காலையிலிருந்து நின்றது, போன வருஷம் நின்றது, காய்ச்சலோடு நின்றது, மாதவிலக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது எல்லாம் கேட்காமலே நினைவுக்கு வந்தன.

"அண்ணாச்சி," என்றாள், "சீட்டைக் கிழிச்சிரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை சாணும் முழமும் இல்லை. நேராகப் போனாள். கூரை வழிவிட்டது, டைல்ஸ் வழிவிட்டது, மெத்தை மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்துப் பிறகு கிழிந்தது, கூடமெல்லாம் இலவம்பஞ்சு பறக்க, சொர்ணக்கிளி தலையில் பஞ்சும் தோளில் சிமெண்டுமாகக் கல்யாணக் கோஷ்டியின் நடுவில் உட்கார்ந்த வாக்கில் வந்து சேர்ந்தாள்.

"தள்ளி உக்காருங்கடி, பிள்ளைக்கு எடம் விடுங்க," என்றாள் மூத்த அத்தை. எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள். இன்னொரு அத்தை அவள் தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, குடிக்காத கலர் ஒன்றை அவள் கையில் கொடுத்தாள்.

சொர்ணக்கிளி அதைக் குடித்துவிட்டு, குவியலில் துழாவி அடியிலிருந்து ஒரு அரக்குச் சேலையை, பச்சைக் கரை போட்டதை, உருவினாள். தொடாதே என்று சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. நுனியைப் பிடித்து ஒரே உதறாக உதறினாள். சின்னப் பிள்ளையிலிருந்து பெட்ஷீட்டிலும் ஜமுக்காளத்திலும் உதறிய உதறலெல்லாம் சேர்ந்து, சேலை அலையடித்துப் போய், மெத்தையின் மறு ஓரத்தில் குணவதியின் மடியில் முந்தானையோடு விழுந்தது. இந்த நுனியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரே சேலையில் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. குணவதி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுதான்மா," என்றாள் தன் அம்மாவிடம். அம்மா அழுதுவிட்டாள். கல்யாண வீட்டுக்காரர்கள் எதற்கும் அழுவார்கள் என்றாலும் எங்களுக்கும் ஒருமாதிரிதான் இருந்தது.

அதற்குள் ஓட்டை வழியாக ஜெசிந்தா வந்தாள், பாய்க்காரி வந்தாள், ஒவ்வொருத்தியாக எல்லோரும் வந்து மெத்தையில் இடம் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி வைரவநாதனுக்கு வியர்த்து ஊற்றியது. பையிலிருந்த சந்தனக் கலர் பிட்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துணியை எதிர்க் கண்ணாடியில் தன் கன்னத்துப் பக்கத்தில் பார்த்துவிட்டார், பாவம், முதல் தடவையாக. அதில் தலை சுற்றி, எதையாவது பிடித்து உட்காரலாம் என்று பின்னால் நகர்ந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

கொசுவலை அடுக்கில் விழுந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை, கணுக்கால்தான் பிசகிவிட்டது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "ஒரு நாக்காலி கொண்டாங்கவே," என்று கத்தினார்.

"இங்க நாக்காலியே கெடையாது மொதலாளி," என்றார் கோமதிநாயகம் வருத்தத்தோடு. "நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க." பிறகு, உதவி செய்கிற நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "காத்து இருக்கே."

வைத்தியர் வந்து சேரும்வரை முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. சாயங்காலம் ஒரு டெம்போ நிறைய நாற்காலிகள் வந்து இறங்கின. சீட்டை யாரும் கிழிக்கவில்லை. அன்றைய பட்டு வியாபாரத்தைப் பார்த்த பிறகு கிழிக்க அவருக்குக் கை வரவில்லை. ஓட்டையை மூடாமல் பின்னாளில் அதில் ஒரு படிக்கட்டைக் கட்டினார்கள், அதில் மேலேயும் போகலாம்.

மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் பட்டு செக்ஷனுக்குப் போய் நின்றோம். சொர்ணக்கிளி வெள்ளை மெத்தையில், ஓட்டையைச் சுற்றித் தையல் போட்ட ஓரத்துக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டிருந்தாள். அவளுக்கும் மெத்தைக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளியாவது இருக்கிறதா என்று தபால்காரர் குனிந்து பார்த்தார். இல்லை. யார் உட்கார்ந்தாலும் அமுங்குகிற மாதிரி மெத்தை அவளுக்குக் கீழே அமுங்கியிருந்தது. கீழே எட்டிப் பார்த்தோம், அங்கேயும் பிள்ளைகள் நாற்காலிகளில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வேணும்?" என்றாள் சொர்ணக்கிளி எங்களைப் பார்த்து.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினோம். பெண் பிள்ளைகள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், அதில் பார்க்க என்ன இருக்கிறது?